சென்னையில் அலுவலக வடிவமைப்பு

சென்னையில் அலுவலக வடிவமைப்பு என்பது, சென்னை நகரில் எழுத்து, கணக்கு, நிருவாகம், மென்பொருள் முதலிய பணிகள் நடைபெறும் இடங்களின் அமைப்பும், அங்கு பயன்படும் மேசை, நாற்காலி, அலமாரி முதலிய அறைகலன்களும் காலப்போக்கில் மாறி வந்த விதத்தைக் குறிக்கும். துறைமுகத்தை ஒட்டிய வணிக நிறுவனங்களிலும் தொடர்வண்டி நிறுவனங்களிலும் தொடங்கிய இவ்வரலாறு, இன்று தெற்கிலுள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வரை நீள்கிறது.

அலுவலக வடிவமைப்பு பெரும்பாலும் அழகு, இடச்சிக்கனம் ஆகிய இரண்டின் அடிப்படையில் பேசப்படுகிறது. எனினும், யார் அமர்வது, யார் நிற்பது, யார் யாரைக் கண்காணிப்பது, யாருடைய உடலுக்கு ஏற்ப வெப்பநிலையும் மேசையின் உயரமும் அமைவது என்பவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. இதனால் அலுவலக வடிவமைப்பு தொழிலாளர் உரிமையோடும் தொடர்புடைய ஒன்றாக உள்ளது.

குடியேற்றக் கால அலுவலகங்கள்

சென்னையின் தொடக்க கால அலுவலகங்கள் ஜார்ஜ் டவுன், கடற்கரைச் சாலை (தற்போதைய ராஜாஜி சாலை), இராயபுரம் ஆகிய பகுதிகளில் அமைந்தன. இராயபுரம் தொடர்வண்டி நிலையம் 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தலைமை அஞ்சல் அலுவலகக் கட்டிடம் 1884இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, தற்போது தென்னக இரயில்வேயின் தலைமையகமாக விளங்கும் கட்டிடம் 1922இல் திறக்கப்பட்டது.

இக்கட்டிடங்களின் வடிவத்தைத் தீர்மானித்த முதன்மைக் காரணி வெப்பம் ஆகும். உயர்ந்த கூரை, தடித்த செங்கற் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கட்டிடத்தைச் சுற்றிய தாழ்வாரம், காற்று புகும்படி மரச்சட்டங்கள் பொருத்திய சன்னல் கதவுகள் ஆகியவை வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை உள்ளே விட்டன. கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பதும் வழக்கமாக இருந்தது.

கூரையிலிருந்து தொங்கிய நீண்ட துணி விசிறி பங்கா எனப்பட்டது. அதன் கயிறு சுவரிலுள்ள துளை வழியாகத் தாழ்வாரத்துக்குச் சென்றது. அங்கே தரையில் அமர்ந்திருந்த பணியாளர் ஒருவர் நாள் முழுவதும் அக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று கிடைத்தது. இழுத்தவருக்கு அறைக்குள் இடமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் பகுதியில் மின்நிலையம் அமைந்து நகருக்கு மின்சாரம் வழங்கப்பட்டது. மின்விசிறி பரவியதும் பங்கா இழுக்கும் வேலை படிப்படியாக மறைந்தது.

உள்ளூர் வணிகக் கணக்கறை

ஐரோப்பிய நிறுவனங்களில் தேக்கு மேசையும் பிரம்பு நாற்காலியும் பயன்பட்ட அதே காலத்தில், உள்ளூர் வணிகர்களின் கணக்கறைகள் வேறு முறையில் இயங்கின. கணக்குப்பிள்ளை பாயிலோ மெத்தையிலோ சம்மணமிட்டு அமர்ந்து, முன்னால் வைக்கப்பட்ட சாய்வான மூடியுடைய சிறு மரப்பெட்டியின் மேல் பேரேட்டை விரித்து எழுதினார். பெட்டியின் உட்புறம் எழுதுகோல், மை, சீட்டுகள் ஆகியவற்றை வைக்கப் பயன்பட்டது. பணம் வைக்கும் பெட்டி கல்லாப்பெட்டி எனப்பட்டது. கடையின் முதலாளி அமரும் இடத்தையே 'கல்லா' என்று குறிப்பிடும் வழக்கம் இதிலிருந்து வந்ததாகும்.

இவ்வமைப்பில் அறைகலன்கள் மிகக் குறைவு. ஒரே இடம் காலையில் கணக்கறையாகவும், பிற்பகலில் சரக்கு பார்க்கும் இடமாகவும், இரவில் காவலர் படுக்கும் இடமாகவும் பயன்பட்டது. ஒரு கூடத்தைப் பல பணிகளுக்குப் பயன்படுத்தும் இக்கால வடிவமைப்புக் கருத்துக்கு இது ஒரு பழைய எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

எஃகு அறைகலன்கள்

இந்திய அலுவலகங்களின் தோற்றத்தை மாற்றிய பொருள்களுள் எஃகு அலமாரி முதன்மையானது. 1897இல் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. கரையான், ஈரம், தீ ஆகியவற்றிலிருந்து மரத்தைவிட எஃகு தாள்களை நன்கு காத்தது. கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த சென்னையில் இது பெரும் பயன் அளித்தது. அந்நிறுவனம் 1955இல் தட்டச்சுப் பொறிகளையும் வெளியிட்டது. பச்சை அல்லது சாம்பல் நிற எஃகு மேசை, எஃகு அலமாரி, தட்டச்சுப் பொறி ஆகிய மூன்றும் சேர்ந்த தோற்றம், விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் நிலைத்திருந்தது.

தமிழில் இவ்வலமாரியைக் குறிக்கும் 'பீரோ' என்ற சொல்லின் வரலாறு குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சு மொழியில் இச்சொல் முதலில் மேசைமேல் விரிக்கும் முரட்டுத் துணியையும், பின்னர் எழுதும் மேசையையும், அதன்பின் அம்மேசை இருக்கும் அலுவலகத்தையும் குறித்தது. தமிழ்நாட்டில் அது அலுவலகத்திலிருந்து வீட்டுக்குச் சென்று, துணியும் நகையும் வைக்கும் அலமாரியின் பெயராயிற்று.

சண்டிகர் நகருக்காக 1950களில் பியேர் ஜான்னரே தலைமையில் வடிவமைக்கப்பட்ட தேக்கு, பிரம்பு நாற்காலிகளும் இந்திய அலுவலக அறைகலன் வரலாற்றில் இடம்பெறுகின்றன. அரசு அலுவலகங்களுக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட இவை, பழையவை என்று கழிக்கப்பட்ட பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன.

திறந்த அலுவலகமும் அறைத்தடுப்பும்

சென்னையின் இன்றைய அலுவலகங்களைப் புரிந்துகொள்ள, வெளிநாடுகளில் தோன்றிய சில அமைப்புகளை அறிவது தேவையாகும். பெரிய கூடத்தில் எழுத்தர்களை வரிசையாக அமர்த்தும் முறை தொழிற்சாலையைப் பின்பற்றி எழுந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த லார்கின் கட்டிடம் (1906) இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். நடுவே மேலிருந்து ஒளி வரும் முற்றமும், அதைச் சூழ்ந்த தளங்களும் கொண்ட இக்கட்டிடத்தில், சில இருக்கைகள் மேசையோடு இணைத்தே செய்யப்பட்டிருந்தன. இதனால் தரையைத் துடைப்பது எளிதாயிற்று. அமர்ந்தவர் தம் விருப்பப்படி நாற்காலியை நகர்த்த முடியவில்லை.

1950களின் இறுதியில் செருமனியில் 'அலுவலக நிலத்தோற்றம்' என்று பொருள்படும் முறை உருவானது. வரிசைகளைக் கைவிட்டு, கடிதங்களும் மனிதர்களும் செல்லும் வழிகளை ஆராய்ந்து, மேசைகளைக் குழுக்களாகவும் இடையிடையே செடிகளோடும் இம்முறை அமைத்தது.

அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக இராபர்ட் புராப்ஸ்ட் 1960களில் 'ஆக்‌ஷன் ஆஃபிசு' என்ற தொகுதியை உருவாக்கினார். 1968இல் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவத்தில், நகர்த்தக்கூடிய தடுப்புகளும் உயரம் மாற்றி மாட்டக்கூடிய பலகைகளும் இருந்தன. தடுப்புகளை அகன்ற கோணத்தில் திறந்து வைத்து, ஒவ்வொருவரும் தமக்கேற்ற இடத்தை அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. நிறுவனங்களோ செலவையும் இடத்தையும் குறைக்கும் பொருட்டு அவற்றைச் செங்கோணத்தில் நெருக்கி அடுக்கின. இவ்வாறு பிறந்த சிறு சதுரக் கூண்டுகளே அறைத்தடுப்பு முறையாகப் பரவின. தம் கண்டுபிடிப்பு இவ்வாறு பயன்பட்டது குறித்துப் புராப்ஸ்ட் பிற்காலத்தில் வருந்தினார்.

தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள்

அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டிடம் சென்னையில் பல மாடி அலுவலகங்களின் தொடக்கத்தைக் குறித்தது. அடுத்த பெரிய மாற்றம் 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது ஏற்பட்டது. இதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிச் சுவர்களும் மையக் குளிரூட்டலும் கொண்ட வளாகங்கள் பெருகின. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலைகள் இருந்த மனைகள் சிலவற்றிலும் மென்பொருள் வளாகங்கள் எழுந்தன.

இவ்வளாகங்களில் முதலில் அறைத்தடுப்பு முறையே மிகுதியாக இருந்தது. பின்னர்த் தடுப்புகள் தாழ்ந்தன. நீண்ட பொது மேசைகள் வந்தன. உணவகம், உடற்பயிற்சிக் கூடம், வண்ணச் சுவர்கள், ஓய்வு மூலைகள் ஆகியவை சேர்ந்தன.

இக்காலப் போக்குகள்

பணிக்கேற்ற இடம்: ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை என்பதற்கு மாறாக, பேசுவதற்கு ஓரிடம், அமைதியாக எழுதுவதற்கு ஓரிடம், தொலைபேசிக்கு ஒலிபுகாச் சிற்றறை எனப் பணியின் தன்மைக்கேற்ப இடங்கள் அமைக்கப்படுகின்றன.

பகிர் இருக்கை: எவருக்கும் நிலையான இருக்கை இல்லாமல், வந்தவர் காலியான இடத்தில் அமரும் முறை இதுவாகும். சையாட்/டே என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஊழியர்கள் காலையில் கணினிக்கும் தொலைபேசிக்கும் வரிசையில் நிற்க நேர்ந்தது. சிலர் கோப்புகளைத் தம் மகிழுந்தில் வைத்துக்கொண்டனர். சில ஆண்டுகளில் இம்முயற்சி கைவிடப்பட்டது. 2020க்குப் பின் வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் வரும் வழக்கம் பரவியதால், இம்முறை மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.

பகிர்ந்த பணியிடம்: பல சிறு நிறுவனங்களும் தனியாளர்களும் ஒரே தளத்தை வாடகைக்குப் பகிர்ந்துகொள்வது இதில் அடங்கும். அச்சுப்பொறி, இணையம், கூட்ட அறை, தேநீர் ஆகியவை பொதுவானவை.

சிற்றூர் அலுவலகம்: நகருக்கு மக்களை வரவழைப்பதற்குப் பதிலாக, அலுவலகத்தை ஊருக்குக் கொண்டு செல்வது இப்போக்காகும். சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் தொடங்கிய அலுவலகம் இதற்குத் தமிழ்நாட்டின் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

இப்போக்குகள் அனைத்தும் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை. 2018இல் வெளியான ஆய்வொன்றில், ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் ஆகியோர் திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை அளந்து பார்த்தனர். சுவர்களை நீக்கிய பின் ஊழியர்கள் நேருக்கு நேர் பேசும் அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் பெருகியது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மக்கள் பேசுவதைத் தவிர்க்கின்றனர் என்பது இதன் விளக்கமாகும்.

நாற்காலியும் உடலும்

பணிச்சூழலியல் என்பது மனித உடலின் அளவுகளுக்கும் இயல்புக்கும் ஏற்பக் கருவிகளையும் பணியிடங்களையும் அமைக்கும் துறையாகும். அதன் அடிப்படை விதிகள் எளியவை. பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தை ஒட்டி அமைய வேண்டும். கீழ்முதுகுக்குத் தாங்கல் வேண்டும். எந்த நல்ல நாற்காலியிலும் நெடுநேரம் அசையாமல் இருப்பது தீங்கு என்பதால், இடையிடையே எழுந்து நடப்பதும் தேவையாகும்.

பொதுவாக மேசைகள் 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் செய்யப்படுகின்றன. குட்டையான ஒருவர் இம்மேசைக்கேற்ப நாற்காலியை உயர்த்தினால் அவருடைய கால்கள் தொங்கும். தாழ்த்தினால் தோள்கள் உயரும். இத்தகையோருக்குச் சிறு கால்பலகை ஒன்று விலையுயர்ந்த நாற்காலியைவிடப் பயன் தரலாம்.

1994இல் வெளிவந்த ஏரான் நாற்காலி, பஞ்சு மெத்தைக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள வலைத்துணியைப் பயன்படுத்தியதற்காகப் புகழ்பெற்றது. உடல் எடையைப் பரப்பித் தாங்குவதும், வியர்வை தங்காமல் காற்று செல்ல விடுவதும் இவ்வலையின் சிறப்புகள் எனப்பட்டன. சென்னை அலுவலகங்களில் நெடுங்காலம் பயன்பட்ட பிரம்பு பின்னிய நாற்காலிகளும் இதே அடிப்படையில் அமைந்தவையே.

வெப்பநிலையும் மின்சாரமும்

கண்ணாடிச் சுவர் கொண்ட கட்டிடம் வெயிலை உள்ளே விடுகிறது. பின்னர் அவ்வெப்பத்தைக் குளிரூட்டி வெளியேற்ற வேண்டியுள்ளது. மேற்கு வெயில் விழும் பக்கத்தில் கண்ணாடியைக் குறைப்பதும், வெளிப்புறத்தில் நிழற்பலகை அமைப்பதும், கூரையை வெள்ளையாக்குவதும் மின்செலவைக் குறைக்கும். இவை பழைய தாழ்வாரமும் மரச்சட்டக் கதவும் செய்த பணியையே செய்கின்றன.

அலுவலக வெப்பநிலைக்கான மரபான அளவுகோல் ஓர் ஆணின் உடல் வெப்ப உற்பத்தியை அடிப்படையாகக் கொண்டது என்று 2015இல் வெளியான டச்சு ஆய்வாளர்களின் கட்டுரை காட்டியது. பெண்களின் உடல் அதைவிடக் குறைந்த வெப்பத்தை உண்டாக்குவதால், பலர் அலுவலகத்தில் குளிரால் வருந்துகின்றனர். இந்தியாவில் விற்பனையாகும் அறைக் குளிரூட்டிகளின் தொடக்க அமைப்பு 24 பாகை செல்சியசாக இருக்க வேண்டும் என்ற விதி 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இம்மின்சாரத்தின் வரலாற்றில் வடசென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. பேசின் பிரிட்ஜுக்குப் பின் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970களின் தொடக்கம் முதல் 2017 வரை இயங்கியது. அத்திப்பட்டில் அமைந்த வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. மின்சாரம் கம்பி வழியாக எல்லாப் பகுதிகளுக்கும் செல்கிறது. நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகப் பகுதியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஓர் அலுவலகம் எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்பது அதன் சுவர்களுக்குள் மட்டும் முடியும் கேள்வி அன்று.

வடசென்னையின் பணியிடங்கள்

கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய பகுதிகள் துறைமுகம், சரக்குத் தொடர்வண்டித் தடங்கள், எண்ணெய்க் கிடங்குகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றால் உருவானவை. இங்கு அலுவலகம் என்பது பெரும்பாலும் கிடங்கின் முகப்பிலுள்ள ஓர் அறை, எடைமேடையை ஒட்டிய சிற்றறை, அல்லது கடையின் கல்லா ஆகும். மேலைநாட்டுத் துறைமுக நகரங்கள் பலவற்றில் கைவிடப்பட்ட கிடங்குகள் புதுமையான அலுவலகங்களாக மாற்றப்பட்டன. உயர்ந்த கூரை, வெளித்தெரியும் செங்கல், இரும்புத் தூண்கள் ஆகியவை அங்கு அழகாகக் கருதப்படுகின்றன. வடசென்னையில் பல கிடங்குகள் இன்னும் கிடங்குகளாகவே இயங்குகின்றன.

தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் நகரின் தெற்கில் குவிந்திருப்பதால், கொருக்குப்பேட்டையிலிருந்து அங்கு வேலைக்குச் செல்பவர் நகரைக் கடந்து செல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டித் தடத்தின் புறநகர்த் தொடர்வண்டியில் வந்து, வேளச்சேரித் தடத்தின் பறக்கும் தொடர்வண்டிக்கு மாறினால், டைடல் பூங்காவை அடுத்த திருவான்மியூர் நிலையத்தை அடையலாம். 2021 பெப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது அலுவலகப் பணி வீட்டுக்கு வந்தது. ஓரறை, ஈரறை வீடுகளில் தனி மேசைக்கு இடமில்லை. சமையல், படிப்பு, உறக்கம் ஆகியவை நடக்கும் அதே இடத்தில் பணியும் நடந்தது. பழைய கணக்குப்பிள்ளையைப் போல் தரையில் அமர்ந்து, பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்துப் பணி செய்தவர்களும் உண்டு.

இருக்கைக்கான உரிமை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் தொழிலாளர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கூறியது. பின்னர் இச்சட்டம் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டின் கடைகளில் வேலை செய்வோருக்கு இத்தகைய விதி நெடுங்காலம் இல்லை. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றே பணி செய்தனர். கால் நரம்பு புடைத்தல், பாத வீக்கம், முதுகுவலி ஆகியவை இதனால் ஏற்பட்டன. வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' (2010) திரைப்படம் தியாகராய நகர்த் துணிக்கடை ஊழியர்களின் வாழ்வைக் காட்டியது.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளின் பெண் தொழிலாளர்கள், விஜி என்பவர் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாக இதற்காகப் போராடினர். 2018இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் சட்டமுன்வரைவு 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. இதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து, வேலையினூடே அமரும் வாய்ப்பை அவர்களுக்கு அளிக்க வேண்டும்.

இச்சட்டம் தியாகராய நகருக்கும், கொருக்குப்பேட்டையை அடுத்த பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற எம். சி. சாலைக்கும் ஒருங்கே பொருந்தும். இதற்குத் தேவையான அறைகலன் ஒரு முக்காலி மட்டுமே. முக்காலி போடப்பட்டிருந்தும் மேற்பார்வையாளருக்கு அஞ்சி அமராமல் நிற்கும் நிலை இருக்குமானால், சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது. ஆகையால் இருக்கையை அமைப்பதோடு, அதில் அமர்வது குற்றமாகக் கருதப்படாத பணிச்சூழலை அமைப்பதும் வடிவமைப்பின் பகுதியாகும்.